வருத்தம் தெரியுமுன் பார்ப்பது: படுவான்கரையில் தடுப்புப் பரிசோதனை

தடுப்புப் பரிசோதனை என்பது, நோயின் அறிகுறி எதுவும் இல்லாத ஒருவரிடம் நோயைத் தேடிப் பார்ப்பது. நெஞ்சு நோவோடோ விடாத இருமலோடோ வைத்தியசாலைக்கு வருபவருக்குச் செய்வது நோயறியும் பரிசோதனை. இரண்டிலும் ஒரே கருவி பயன்படலாம். நோக்கமும் கணக்கும் வேறு. சளியில் இரத்தம் வரும் ஒருவருக்கு மார்பு எக்ஸ்ரே தாமதிக்காமல் எடுத்தாக வேண்டும். ஒரு குறையும் இல்லாத இருபத்தைந்து வயது இளைஞருக்கு வருடந்தோறும் அதே எக்ஸ்ரேயை எடுப்பதால் அவருக்குப் பயன் ஏதும் இல்லை. இந்த வேறுபாடு மனதில் பதியாதவரை இரண்டு எண்ணங்கள் நிலைத்திருக்கும். ஸ்கேன் எடுத்தால் உடம்பில் உள்ளதெல்லாம் தெரிந்துவிடும் என்பது ஒன்று. ஸ்கேன் இல்லாத ஊரில் எதையும் முன்கூட்டி அறிய முடியாது என்பது மற்றது. இரண்டும் தவறு. இரண்டாவது எண்ணம்தான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வாழும் மக்களுக்கு அதிக தீங்கு செய்கிறது.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே பொழுது படும் பக்கம் படுவான்கரை. பெரிய வைத்தியசாலைகளும் நெடுஞ்சாலையும் சந்தைகளும் எழுவான்கரையில் அமைந்துவிட்டன. வயலும் குளமும் மேய்ச்சல் தரையும் படுவான்கரையில். போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்துள்ள வெல்லாவெளி இந்தப் படுவான்கரையின் தென்பகுதியில் இருக்கிறது. இங்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை உண்டு. மண்டூரிலும் பழுகாமத்திலும் பிரதேச வைத்தியசாலைகள் உண்டு. அவற்றுக்கு அப்பாற்பட்ட எதற்கும் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மண்டூர்ப் பக்கத்தவர்கள் வாவியைப் படகுப் பாதையில் கடந்து குருமண்வெளிக்குப் போய் அங்கிருந்தும் செல்வதுண்டு. அதற்கும் மேலே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. சில வேளை கொழும்பும் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையும்.

மாரி மழையில் தாழ்ந்த வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும். யானைகள் நடமாடும் ஊர்களில் பொழுது சாயுமுன் வீடு திரும்ப வேண்டிய கட்டாயம் இருக்கிறது. வெட்டுக் காலத்திலும் விதைப்புக் காலத்திலும் ஒரு நாள் கிளினிக்குக்குப் போவது ஒரு நாள் கூலியை இழப்பது. 2007 வரை போர் நடந்த நிலம் இது. பாதையும் பாலமும் கட்டடமும் பிந்தியே வந்தன. வெல்லாவெளியில் எந்தப் பரிசோதனை பயன் தரும் என்று தீர்மானிக்கும்போது இவை எல்லாவற்றையும் மருத்துவக் காரணங்களோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்த எண்ணம் புதிதல்ல. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் தடுப்புப் பரிசோதனைக்கான நெறிகளை எழுதினார்கள். இன்றும் உலகெங்கும் சுகாதாரத் துறைகள் அவற்றைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றன. தேடும் நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும். அது வெளியே தெரியாமல் வளரும் ஒரு காலம் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கண்டால் குணமாக்கும் சிகிச்சை இருக்க வேண்டும். பரிசோதனையை மக்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டுபிடிக்கப்பட்டவருக்கு அடுத்த கட்டப் பரிசோதனையும் சிகிச்சையும் எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நெறியைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். பஸ்ஸில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பரிசோதித்துவிட்டுப் போகும் முகாம், அடுத்த நாள் அந்த நோயாளி எங்கே போவார் என்பதை ஏற்பாடு செய்யாவிட்டால், பயத்தை மட்டும்தான் விட்டுச் செல்கிறது.

பயம் ஏன் வருகிறது என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஆயிரம் பெண்களைப் பரிசோதிப்பதாகவும், அவர்களில் ஐந்து பேருக்கு உண்மையில் நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பரிசோதனை நோயுள்ள ஐந்து பேரில் நால்வரைக் கண்டுபிடிக்கும். நோயில்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை என்று சரியாகச் சொல்லும். கேட்பதற்கு நல்ல பரிசோதனைதான். ஆனால் நோயில்லாத 995 பேரில் பத்தில் ஒருவர் என்றால் ஏறத்தாழ 100 பேர். ஆக, நோய் இருக்கலாம் என்று அழைக்கப்படுபவர்கள் 104 பேர். அவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள் நான்கு பேர். களத்தில் நெல்லைத் தூற்றும்போது பதரோடு கொஞ்சம் மணியும், மணியோடு கொஞ்சம் பதரும் போய்விடுவதைப் போன்றதுதான் இது. ஒரு தூற்றலில் வேலை முடிவதில்லை. மற்ற நூறு பேரும் பாலம் கடந்து போய், காத்திருந்து, ஊசியால் திசு எடுத்து, முடிவு வரும்வரை நித்திரையில்லாமல் கிடந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்ப வேண்டும். தப்பிப்போன ஐந்தாவது பெண்ணோ தனக்கு நோயில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார். எந்தப் பரிசோதனையிலும் இந்த இரண்டு பிழைகளும் உண்டு. நோய் அரிதாக உள்ள கூட்டத்தில் முதற் பிழை பெருகும். அதனால்தான் வயதும் குடும்ப வரலாறும் பழக்கங்களும் பார்த்து, நோய் வரக்கூடியவர்களுக்கு மட்டும் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள்.

கருவி வேண்டாத பரிசோதனைகள்

இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் எட்டுக்குக் காரணம் தொற்றாத நோய்கள்: மாரடைப்பு, பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய்கள். இவற்றில் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது உயர் இரத்த அழுத்தமும் சீனி வருத்தமும். வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. அது இருப்பதை அறியாதவர்கள் பலர். பிரஷர் கூடினால் தலை சுற்றும், முகம் சிவக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஊர்களில் பரவலாக உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது எந்த அறிகுறியும் காட்டாமல் பல வருடங்கள் இருந்து, சிறுநீரகத்தையும் இதயத்தையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. கையில் பட்டியைச் சுற்றிப் பார்க்கும் இரண்டு நிமிட வேலை, எந்த ஸ்கேனையும் விட அதிகமான மரணங்களைத் தடுக்கக்கூடியது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் உயர் இரத்த அழுத்தம். சாப்பிடாமல் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்து, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் நீரிழிவு.

இந்த வேலைக்காகவே 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் அமைக்கப்பட்டன. 35 வயதைக் கடந்த ஆணும் பெண்ணும் நோய் எதுவும் இல்லாமலே அங்கே போகலாம். நிறை, உயரம், இடுப்பளவு, பிரஷர், சீனி, கண் பார்வை, வாய் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வயது, புகைப்பழக்கம், பிரஷர் முதலியவற்றைச் சேர்த்து, அடுத்த பத்து வருடங்களில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று அட்டவணை பார்த்துச் சொல்வார்கள். வருபவர்களில் பெண்களே அதிகம். ஆண்கள் வேலை நாளில் வருவதில்லை. மாரடைப்பு அவர்களுக்குத்தான் இளவயதில் வருகிறது. வயலுக்குப் போகுமுன் காலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ பரிசோதனை நடந்தால் இந்தக் குறை தீரும். தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இதற்கு இன்னொரு வழியைக் காட்டியது. பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சீனியும் பார்ப்பதோடு, நோயுள்ளவர்களுக்கு மருந்தையும் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். இதில் இரண்டாவது பாதிதான் முக்கியமானது.

வாயைப் பார்ப்பது சிறிய காரியம் என்று தோன்றும். ஆனால் இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். மட்டக்களப்பில் வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலை வட்டா வைப்பது மரியாதை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெற்றிலை கொடுத்தே அழைப்பார்கள். வயலிலும் தோணியிலும் நித்திரை தூங்காமல் இருக்க வெற்றிலை போடுகிறவர்கள் உண்டு. புகையிலை சேர்த்தால் மட்டும்தான் ஆபத்து என்பது பொதுவான நம்பிக்கை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. பாக்கு வாயின் உட்தோலை இறுகச் செய்து, நாளடைவில் வாயை முழுதாகத் திறக்க முடியாமல் ஆக்கும்.

வாய்ப்புற்றுநோய்க்கு முன்பாகப் பலருக்கு வெள்ளைத் திட்டோ சிவந்த திட்டோ வருகிறது. இரண்டு மூன்று கிழமைகளாக ஆறாத புண் இன்னொரு அடையாளம். இவை தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. ஆகவே கன்னத்தை விலக்கி, நாக்கைத் தூக்கி, ஒரு டோர்ச் வெளிச்சத்தில் யாராவது பார்த்தால்தான் தெரியும். அதைப் பல் வைத்தியர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்று உலகுக்கு முதலில் காட்டிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. சமன் வர்ணகுலசூரியவும் சக ஆய்வாளர்களும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு வருட காலத்தில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்கச் செய்து, அந்த அனுபவத்தை 1984இல் வெளியிட்டார்கள். பிறகு கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மரணத்தைக் குறைக்கும் என்று பெரிய ஆய்வில் காட்டப்பட்ட புற்றுநோய்ப் பரிசோதனைகள் அதிகம் இல்லை. இதற்கு வேண்டியவை ஒரு வெளிச்சம், இரண்டு கண்கள், பொறுமை. பாலம் கடக்க வேண்டியதில்லை. படுவான்கரையின் ஒவ்வொரு கிராமத்திலும் வெற்றிலை போடும் ஒவ்வொருவரின் வாயும் வருடத்தில் ஒரு முறையாவது பார்க்கப்பட வேண்டும். இதைச் செய்ய முடியாமைக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் கதை தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில் எழுதப்பட்டது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஆய்வில், 30 முதல் 59 வயது வரையான கிராமத்துப் பெண்களைப் பயிற்சி பெற்ற தாதிகள் பரிசோதித்தார்கள். நீர்த்த அசற்றிக் அமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் தடவினால், மாறத் தொடங்கிய கலங்கள் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அன்றே குளிரூட்டிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒரேயொரு முறை செய்த பரிசோதனை, நோய் வருவதை 25 சதவீதமும் மரணத்தை 35 சதவீதமும் குறைத்ததாக 2007இல் முடிவு வந்தது. பெண் மறுபடி வருவாள் என்று எதிர்பார்த்துக் காத்திருக்காமல், பார்த்த இடத்திலேயே சிகிச்சை கொடுத்ததுதான் அந்த வெற்றிக்கு அடிப்படை.

இலங்கையில் 1996 முதல் பெண்களுக்கான நல்வாழ்வுக் கிளினிக்குகள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் நடத்தப்படுகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களைக் குறிப்பாக அழைத்து, கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை மெல்லச் சுரண்டியெடுத்துப் பார்க்கும் பப் பரிசோதனை செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த திட்டமும் இதே இரண்டு வயதுகளைத்தான் குறிக்கிறது. மார்பகம், பிரஷர், சீனி ஆகியவற்றையும் அங்கேயே பார்ப்பார்கள். இந்தக் கிளினிக்குகளுக்கு வரத் தயங்குவதற்குக் கூச்சம்தான் பெரிய காரணம். பிள்ளைப்பேறு காலத்தில் வீடு தேடி வந்த மருத்துவ மாதுவே அழைக்கும்போது அந்தக் கூச்சம் பாதி குறைகிறது. அடுத்த தலைமுறைக்கு இன்னும் உறுதியான காவல் கிடைத்துவிட்டது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

வாவிக்குள் உள்ள மாந்தீவு, கண்ணால் பார்க்கும் பரிசோதனையின் அருமையை வேறொரு வகையில் சொல்கிறது. தொழுநோயாளர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வைத்தியசாலை அந்தத் தீவில் இருந்தது. இன்று தொழுநோய் மாத்திரையால் குணமாகும், மருந்து இலவசம். தொட்டால் உணர்ச்சி தெரியாத, நிறம் வெளிறிய ஒரு தேமல் போன்ற திட்டைத் தொடக்கத்திலேயே காட்டினால் விரல் மடங்குவதும் கண் கெடுவதும் நேராது. மட்டக்களப்பு மாவட்டத்தில் இந்த நோய் இன்னும் தீர்ந்துவிடவில்லை. பாடசாலைப் பிள்ளைகளின் தோலைப் பார்ப்பது அதனால்தான்.

படங்கள் எங்கே உதவுகின்றன

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். உடலை வெட்டாமல் உள்ளே பார்க்கும் வழி அன்று பிறந்தது. 1958இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் டொனால்டும் குழுவினரும் மகப்பேற்றில் ஒலி அலைகளைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி இலண்டனில் முதல் நோயாளியின் தலை சி.ரி. ஸ்கேன் மூலம் படம்பிடிக்கப்பட்டது. அதை வடிவமைத்த கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் 1979இல் நோபல் பரிசு பெற்றார். காந்தப் புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறைக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை எல்லாம் நோயறிவதில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தன. ஆனால் அறிகுறியில்லாதவர்களுக்குத் தடுப்புப் பரிசோதனையாகப் பயன்படுபவை இவற்றில் சிலதான்.

அவற்றில் வெல்லாவெளியில் அநேகமாக எல்லாக் குடும்பங்களும் அறிந்தது கர்ப்ப கால ஸ்கேன். ஒலி அலையைப் பயன்படுத்துவதால் கதிர்வீச்சு இல்லை. தாய்க்கும் சிசுவுக்கும் தீங்கு இல்லை. 14 வாரத்துக்கு முன் எடுத்தால் பிரசவத் திகதி சரியாகத் தெரியும். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பது சிசுவின் உறுப்புகளைப் பார்க்க. நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கிறதா, இரட்டைப் பிள்ளைகளா என்பதை முன்பே அறிவது படுவான்கரைத் தாய்க்கு நகரத்துத் தாயைவிட அதிகம் தேவை. வெள்ளம் வரும் மாதத்தில் பிரசவம் வரப்போகிறது, அதுவும் சிக்கலான பிரசவம் என்று தெரிந்தால், பாதை மூழ்குமுன் அவரை வைத்தியசாலைக்கு அண்மையில் கொண்டுபோய் வைக்கலாம். மாதம் ஒரு ஸ்கேன் தேவையில்லை. உரிய வாரத்தில் எடுக்கும் ஒன்றிரண்டே போதும். நேரத்தைத் தவறவிட்டால் பின்னர் எத்தனை எடுத்தாலும் திகதியைச் சரியாகக் கணிக்க முடியாது.

மார்பகப் புற்றுநோய் இலங்கைப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய். மார்பகத்தைக் குறைந்த அளவு எக்ஸ் கதிரால் படமெடுப்பது மமோகிராம். வசதி மிகுந்த நாடுகள் பலவற்றில் 50 முதல் 69 வயது வரையான பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்கிறார்கள். இதே முறையை எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. 2014இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், வளம் குறைந்து சுகாதாரக் கட்டமைப்பும் வலுவில்லாத இடங்களில், கட்டியோடு வரும் பெண்ணை விரைவாகக் கவனித்துச் சிகிச்சை கொடுப்பதையே முன்வைத்தது. மும்பையில் 1998இல் தொடங்கிய ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினரின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். இருபது வருடக் கண்காணிப்புக்குப் பின் 2021இல் வந்த முடிவில், நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்படுவது கூடியிருந்தது. 50 வயதைக் கடந்தவர்களிடம் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. அதைவிட இளைய பெண்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை.

கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் படத்துக்கு வேலை வருகிறது. கையால் பரிசோதித்தல், ஸ்கேன் அல்லது மமோகிராம், ஊசியால் எடுத்த திசு என்ற மூன்றும் சேர்ந்தே முடிவைத் தரும். இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது; அவர்களுக்கு மமோகிராமை விட ஒலி அலை ஸ்கேன் அதிகம் உதவும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனாலும் கட்டி, முலைக்காம்பு உள்ளிழுத்தல், தோல் சுருங்குதல், இரத்தம் கசிதல் என்று எதைக் கண்டாலும் எண்ணெய் பூசிக்கொண்டோ நேர்த்தி வைத்துக்கொண்டோ நாளைக் கடத்தக் கூடாது. நேர்த்தியை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் களுவாஞ்சிகுடிக்குப் போகலாம். முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இயங்குவதால், எல்லோரும் மகரகமைக்கே போக வேண்டிய காலம் மாறியிருக்கிறது.

படமே தடுப்புப் பரிசோதனையாக நன்றாக வேலை செய்யும் இன்னொரு இடம் கண். நீரிழிவு விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். பார்வை மங்கும்போது வருபவருக்குப் பெரும்பாலும் பிந்திவிடுகிறது. அதற்கு முன்பே விழித்திரையை ஒரு கமராவால் படமெடுத்தால் கசிவுகளும் வீக்கமும் தெரியும். லேசர் சிகிச்சையால் பார்வையைக் காக்கலாம். கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, கமராவை எங்கும் கொண்டுபோகலாம். 1976இல் வைத்தியர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் சிறு பார்வை மையங்களை அமைத்து, நகரத்து வைத்தியர் தொலைவிலிருந்தே பார்த்து ஆலோசனை சொல்லும் முறையை வளர்த்தது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் விழித்திரைப் படங்களைக் கணினியே வாசிக்கும் முறையை வெளியிட்டபோது, அதைப் பயிற்றுவித்த ஒரு இலட்சத்து 28 ஆயிரம் படங்களில் அரவிந்தின் படங்களும் சென்னை சங்கர நேத்ராலயாவின் படங்களும் இருந்தன. பாலத்துக்கு அப்பால் இருக்கும் நிபுணரைப் பாலத்துக்கு இப்பால் கொண்டுவரும் இத்தகைய கருவி, படுவான்கரைக்கு சி.ரி. இயந்திரத்தைவிட அவசரமாகத் தேவை. சீனி வருத்தம் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

மார்பு எக்ஸ்ரே, காசநோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கும் நோய் வரும் வாய்ப்புக் கூடியவர்களுக்கும் தடுப்புப் பரிசோதனையாகிறது. மற்றவர்களுக்கு, இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் சளிப் பரிசோதனையே முதலில். நீண்ட காலம் கடுமையாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிரளவு சி.ரி. எடுப்பது நுரையீரல் புற்றுநோய் மரணத்தை 20 சதவீதம் குறைத்ததாக அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2011இல் காட்டியது. அதைப் புகைக்காதவருக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

அளவுக்கு மிஞ்சிய பரிசோதனை

நகரங்களில் முழு உடம்புப் பரிசோதனை என்ற பெயரில் பல சோதனைகளை ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள அம்மா அப்பாவுக்கு அன்பின் பேரில் பணம் அனுப்பி அவற்றைச் செய்விப்பதும் நடக்கிறது. அந்த அன்பு மதிக்கத்தக்கது. பணம் செல்லும் இடம்தான் சரியில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுக்கப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2023இல் அறிவித்தது. உடம்பில் தேடினால் ஏதாவது தென்படும். ஈரலில் ஒரு சிறு நீர்க்கட்டி, தைரொயிட்டில் ஒரு முடிச்சு, சிறுநீரகத்தில் ஒரு புள்ளி என்று பெரும்பாலானவை சாகும்வரை எதுவும் செய்யாதவை. கண்டுவிட்டால் விட முடியாது. அடுத்த ஸ்கேன், அடுத்த ஊசி, சில வேளை தேவையற்ற சத்திரசிகிச்சை.

தென் கொரியா இதற்கு மறக்கக்கூடாத எடுத்துக்காட்டு. 1999இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, திட்டத்தில் இல்லாத தைரொயிட் ஸ்கேனையும் பலர் சிறு கட்டணத்தில் சேர்த்து எடுத்தார்கள். 1993க்கும் 2011க்கும் இடையில் தைரொயிட் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்கள் 15 மடங்கானார்கள். அந்த நோயால் இறப்பவர்களின் அளவு மாறவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் தைரொயிட்டை இழந்து வாழ்நாள் முழுதும் மாத்திரை விழுங்குபவர்களானார்கள்.

கதிர்வீச்சைப் பற்றிய பயமும் அலட்சியமும் இரண்டுமே பொதுவாக அளவு தெரியாமல் எழுகின்றன. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் காற்றிலிருந்தும் மனிதர் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சைப் பெறுகிறார். ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வயிற்றுக்கு எடுக்கும் சி.ரி. ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். தேவையுள்ள நோயாளிக்கு அதன் பயன் மிகப் பெரிது, தேவையில்லாதவருக்கு வீண் சுமை. கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலே எக்ஸ்ரே, சி.ரி. எடுக்குமுன் சொல்ல வேண்டும். இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை, எக்ஸ்ரே இயந்திரங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிக் கண்காணிக்கிறது.

படம் எடுப்பவர் ஒருவர், அதை வாசித்து முடிவு எழுதும் கதிரியக்க வைத்திய நிபுணர் இன்னொருவர். தட்டுப்பாடு இருப்பது பெரும்பாலும் இரண்டாமவருக்குத்தான். வாசிப்பவருக்கு முந்திய படம் கையிலிருந்தால், ஒரு புள்ளி புதிதா பழையதா என்று உடனே சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் மறுபடி ஸ்கேன் எழுதுவார். ஆகவே எக்ஸ்ரே உறைகளையும் ஸ்கேன் அறிக்கைகளையும் கிளினிக் கொப்பியையும் வெள்ளம் எட்டாத உயரத்தில், பொலித்தீன் பையில் சுற்றி வைப்பது ஒரு பரிசோதனைக்குச் சமமான வேலை. எந்தப் பரிசோதனைக்கும் உடன்படுமுன் இது எதற்காக, முடிவு எப்படி வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று வைத்தியரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. முடிவை வாங்காமல் விட்டுவிடுவதுதான் உண்மையான இழப்பு. எடுத்த பப் பரிசோதனையின் முடிவைக் கேட்டு வாங்காதவர் அதைச் செய்யாதவருக்குச் சமம்.

35 வயதைக் கடந்தவர்கள் மண்டூர், பழுகாமம் வைத்தியசாலைகளிலோ வெல்லாவெளி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ தங்கள் பகுதி மருத்துவ மாதுவிடமோ அடுத்த கிளினிக் நாள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் கூட்டாளிகளோடு சேர்ந்தும், ஆண்கள் வெட்டு முடிந்த ஒரு காலையிலும் போகலாம். பிரஷரையும் சீனியையும் வாயையும் பார்த்துக்கொள்ள அரச நிலையங்களில் கட்டணம் எதுவும் இல்லை.